ஜூல்ஸ் வெர்னும் அவர் ஏட்டிற் கட்டிய கலங்களும்

மேனாட்டுக் கதையாசிரியருள், தாம் ஒருநாளும் ஏறியிராத கலங்களை ஏட்டின்மேற் கட்டி, உலகத்தாரை அவற்றில் ஏற்றிச் சென்றவர் ஜூல்ஸ் வெர்ன். எண்பது நாளில் உலகைச் சுற்றிவந்த கதையையேனும், கடலின் கீழ் இருபதினாயிரம் லீக் தொலைவு சென்ற கதையையேனும் கேட்டறியாத மாணாக்கர் நம்மிடையே அரியர். ஆயினும் அவர் கலங்களை ஒருங்கே நிறுத்தி, எதன் வயிற்றில் எது பிறந்தது என்று வினவுவாரைக் காண்டல் எளிதன்று. கப்பற்றச்சனுக்குக் குலமுறை உண்டு. கப்பலுக்கும் குலமுறை உண்டு. அக்குலமுறையை வழியாகக் கொண்டே அவர் வாழ்க்கையை ஈண்டுக் கூற முயல்கின்றேன்.

பிரெஞ்சு நாட்டின் மேலைப் பகுதியில் லுவார் ஆற்றங்கரையில் நாந்த் என்னும் துறைமுக நகரம் உளது. அவ்வாற்றின் கிளைகள் சூழ்ந்த ஒரு சிறு தீவில், 1828-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் வெர்ன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். தாயார் கப்பலோட்டிகளும் கப்பலுடையாரும் தோன்றிய குடியினர். மக்கள் ஐவருள் இவரே மூத்தவர். தலைமகன் தம் தொழிலையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். ஆதலின் கடலுக்குச் செல்லும் பேறு தம்பியாகிய பால் என்பவருக்கே வாய்த்தது. பதினொரு வயதில் வெர்ன் வீட்டை விட்டு ஓடி ஒரு கப்பலில் ஏறினார் என்றும், தந்தையார் பின்தொடர்ந்து சென்று மீட்டார் என்றும் உறவினர் ஒருவர் பிற்காலத்து எழுதிவைத்தார். ஆராய்ச்சியாளர் இதனை நம்புகின்றிலர். ஓடிய கால்கள் மெய்யோ பொய்யோ, அத்துறைமுகத்திற் பாய்மரங்களை நோக்கியிருந்த கண்கள் மெய் என்பதற்கு அவர் நூல்களே சான்று.

சட்டம் பயிலப் பாரிஸுக்கு அனுப்பப்பட்டவர் சட்டத்தையும் பயின்றார்; அதனினும் மிகுதியாக நாடகத்தைப் பயின்றார். மூத்த அலெக்ஸாந்தர் தூமாவின் ஆதரவால் 1850-இல் அவருடைய சிறு நாடகம் ஒன்று அரங்கேறியது. தேர்வில் தேறியபின் தந்தையார் தம் அலுவலகத்தை ஒப்படைக்க முன்வந்தபோது, மகனார் மறுத்துவிட்டார். மறுத்ததன் பயன் வறுமையே. 1857-இல், இரு பெண் குழந்தைகளையுடைய கைம்பெண்ணாகிய ஒனோரின் அம்மையாரை மணந்தார். குடும்பம் நடத்தற்பொருட்டுப் பாரிஸ் பங்குச் சந்தையில் தரகராக அமர்ந்தார். சந்தைக்குச் செல்லுமுன் விடியலில் எழுந்து எழுதுவதும், ஓய்வு வாய்த்தபோது நூலகத்திலிருந்து பூகோளம், பௌதிகம், வானநூல் ஆகியவற்றிற் குறிப்பெடுப்பதும் அவர் வழக்கமாயின. அக்காலத்தேதான் அமெரிக்கராகிய எட்கார் ஆலன் போவின் கதைகள் பிரெஞ்சு மொழியில் அவர் கைக்கு எட்டின.

போ 1835-இல் எழுதிய கதையொன்றில், ஹான்ஸ் ஃபால் என்பவன் பலூனில் ஏறிச் சந்திரனை அடைகின்றான். வெர்ன் போவைப் பெரிதும் மதித்தார். 1864-இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆயினும் இயற்கை விதிகளைப் பொருட்படுத்தாத அப்பயணம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. காற்றே இல்லாத இடத்திற் பலூன் எங்ஙனம் மிதக்கும்? இவ்வினாவிலிருந்தே வெர்னின் கலமரபு தொடங்குகின்றது எனலாம்.

முதற்கலம் விக்டோரியா என்னும் பலூன். 1862-இல் பதிப்பாளர் ஹெட்ஸெலைக் கண்டு தம் கையெழுத்துப் பிரதியை அளித்தார். அது 1863-இல் ஐந்து வாரம் பலூனில் என்னும் நூலாக வெளிவந்தது. பலூனில் மேலேற வேண்டின் மணற்பையை எறிதல் வேண்டும். கீழிறங்க வேண்டின் வாயுவை வெளிவிடல் வேண்டும். இரண்டும் தீர்ந்தபின் பயணமும் தீரும். இக்குறையை நீக்க, பலூனுள் அடைத்த ஹைட்ரஜன் வாயுவை அடுப்பொன்றாற் சூடேற்றி விரியச் செய்து மேலேறவும், ஆறவிட்டுக் கீழிறங்கவும் ஒரு பொறியை அவர் கற்பித்தார். ஹைட்ரஜனுக்கு அருகில் நெருப்பு வைக்கத் துணிந்த அவ்வுள்ளத்தை என்னென்பது! எனினும் அவர் முறை இந்நூலிலேயே உருவாகிவிட்டது. கலம் எவ்வளவு புதுமையுடையதாயினும், அதன் எடை இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு என்று ஆசிரியர் நமக்குக் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும். கணக்கில்லாத வியப்பை அவர் விற்றிலர்.

இனி, யான் பெரிதும் கூற விரும்புவது 1865-இல் வெளிவந்த பூமியிலிருந்து சந்திரனுக்கு என்னும் நூலையும், 1870-இல் வந்த அதன் தொடர்ச்சியையும் பற்றியே. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், வேலையற்றுப்போன பீரங்கிக் கலைஞர் கழகத்தார் சந்திரனை நோக்கிக் குண்டெறியத் துணிகின்றனர். முதலில் அவர்கள் எண்ணியது ஆளற்ற உருண்டைக் குண்டு. அந்நிலையிற் பாரிஸிலிருந்து மிசெல் ஆர்தான் என்பவனது தந்தி வருகின்றது: உருண்டையை விடுத்து, அடி உருளையும் முடி கூம்புமாகக் குண்டை அமைக்க வேண்டும், அதனுள் அவனே அமர்ந்து செல்வான். அத்தந்தி சென்றடைந்த கணத்திலேயே குண்டு கலமாயிற்று. பிற்காலத்து விண்கலங்களின் கூம்பு முகத்தை நோக்குந்தோறும் இத்தந்தி என் நினைவுக்கு வரும். ஆர்தான் என்னும் பெயர், வெர்னின் நண்பரும் புகைப்படக் கலைஞரும் பலூன் ஏறியவருமாகிய நாதார் என்பவரின் பெயரெழுத்துக்களை மாற்றியமைத்ததாகும்.

அக்கலத்தின் உறுப்புக்களைக் காண்மின். உடல் அலுமினியம், அந்நாளில் அஃது ஓர் அருமைப் பொருள். எடை 19,250 பவுண்டு. குறுக்களவு 9 அடி. பீரங்கியோ 900 அடி நீளமுடையதாய் ஃபிளாரிடா நிலத்துள் நேர்குத்தாகப் புதைக்கப்பட்டது. அதனை வார்க்க 1200 உலைகள் எரிந்தன. வெடிப்பஞ்சு 4,00,000 பவுண்டு. பயணத்துக்கு வேண்டும் நேரம் 97 மணி 13 நிமிடம் 20 நொடி. உள்ளிருப்போர் மூச்சுவிடும் காற்றைப் புதுப்பிக்க இரசாயனப் பொருள்கள் உள. சுவர்களுக்கு மெத்தை உளது. நாற்புறமும் நோக்கச் சாளரங்கள் உள. வெடியின் அதிர்ச்சியைத் தாங்க, அடியில் மூன்றடி ஆழத்துக்குத் தண்ணீரும் அதன்மேல் மரத்தட்டும் அமைத்தனர். இவ்வமைப்பைச் சோதிக்க ஒரு பூனையையும் ஓர் அணிலையும் சிறு குண்டினுள் அடைத்து எறிந்தனர். குண்டு நலமே மீண்டது. பூனையும் நலமே மீண்டது. அணிலை மட்டும் காணோம். பூனை தின்றுவிட்டது. கணக்கு மிகுந்த நூலில் இத்தகைய நகை இடையிடையே வாராதிருப்பின், என்போன்ற தமிழ் மாணவர் இறுதிவரை சென்றிரார்.

இக்கணக்குக்களுக்கு வெர்னின் உறவினரும் கணித ஆசிரியருமாகிய ஆன்றி கார்சே துணை நின்றார். பூமியின் பிடியினின்று விடுபடும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் என்பது அந்நூலிற் சரியாகவே கூறப்பட்டுள்ளது. ஆயின் அவ்வேகத்தை 900 அடிக்குள் எய்துதல் எவ்வாறு? எனக்குக் கணக்கு வாராது; விடுதியிற் பக்கத்து அறையில் உறையும் கணித மாணவரை வேண்டினேன். அவர் ஒரு தாளிற் சில வரி எழுதிக் காட்டினார். குண்டு குழலைக் கடக்கும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அந்நேரத்தில் உள்ளிருப்போரை அழுத்தும் விசை அவரவர் எடையைப்போல் இருபதினாயிரம் மடங்குக்கு மேல். அறுபது கிலோ எடையுள்ள ஆர்தான் ஆயிரத்திருநூறு டன் எடையுள்ளவனாய்த் தரையோடு தரையாயிருப்பான். மூன்றடித் தண்ணீர் என் செய்யும்? அம்மூவரும் புறப்பட்ட கணத்திலேயே மாண்டனர் என்பதே கணக்கின் தீர்ப்பு. எனக்கு அன்று உணவு செல்லவில்லை என்றால் மிகையாகும். வருத்தம் என்னவோ உண்மை.

பிழை இஃதொன்றன்று. பூமியும் சந்திரனும் இழுக்கும் விசைகள் சமமாகும் ஓரிடத்தில் மட்டுமே பயணிகள் எடையிழந்து மிதப்பதாக வெர்ன் எழுதினார். குண்டு குழலையும் காற்றையும் கடந்ததுமுதல் அவர்கள் மிதந்துகொண்டே சென்றிருத்தல் வேண்டும். விந்தை யாதெனின், அவர் தாமே இவ்வுண்மையின் வாயிலில் வந்து நின்றிருக்கின்றார். வழியில் இறந்த நாயைப் பயணிகள் வெளியே எறிய, அதன் உடல் பின்தங்காது கலத்தோடு கூடவே செல்கின்றது. இஃது இயற்கை விதிக்கு முற்றும் ஒத்தது. வெளியே நாய் மிதக்குமாயின் உள்ளே மனிதரும் மிதப்பரன்றோ? அக்கதவை அவர் தட்டினாரல்லர்.

அக்கலத்தில் மற்றோர் உறுப்பு உண்டு; பலர் அதனை நினைவிற் கொள்வதில்லை. சந்திரனில் இறங்கும்போது வீழ்ச்சியின் வேகத்தைத் தணிக்கவென்று, கலத்தின் அடியில் வாணங்களைப் பொருத்திவைத்தனர். நம் திருவிழாக்களில் வானத்துச் சீறியெழும் வாணமே அது. இந்நாளில் ராக்கெட் என்போம். காற்றில்லா வெளியிலும் வாணம் தள்ளும் என்பதை வெர்ன் அறிந்திருந்தார். கதையில், வழியிற் குறுக்கிட்ட ஒரு விண்கல்லின் ஈர்ப்பாற் கலம் நெறி பிறழ்ந்து, சந்திரனிற் படாமல் அதனைச் சுற்றிச் செல்கின்றது. பயணிகள் விசைகள் சமமாகும் இடத்தில் அவ்வாணங்களைக் கொளுத்துகின்றனர். அவர்கள் கருதியது சந்திரனில் வீழ்வது. நிகழ்ந்ததோ பூமியை நோக்கி வீழ்ந்தது. கலம் பசிபிக் மாகடலில் விழுந்து மிதக்க, அமெரிக்கக் கப்பலொன்று அவர்களை மீட்கின்றது. பெரும் பீரங்கிக்கு 900 அடி. வாணத்துக்கோ கலத்தின் அடியில் ஒரு மூலை. எது வளரும், எது தேயும் என்று அன்று யார் அறிந்தார்?

கலமரபின் அடுத்த மகவு நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல். 1867-இல் வெர்ன் தம்பியுடன் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெரும் நீராவிக் கப்பலில் அமெரிக்கா சென்றுவந்தார். அங்குத் தங்கிய நாட்கள் ஒரு வாரத்தளவே. பின்னர்ச் சிறு மீன்பிடி படகொன்றை வாங்கி, மகன் பெயரால் செயின் மிசெல் என்று பெயரிட்டு, அதன் அறையில் அமர்ந்து நாட்டிலஸை எழுதினார். எழுபது மீட்டர் நீளமும், மின்சாரமே உயிருமாக அமைந்தது அக்கப்பல். அதன் தலைவர் நேமோ போலந்து நாட்டவராய், குடும்பத்தை ரஷ்யரிடம் பறிகொடுத்தவராய் இருத்தல் வேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து. ரஷ்ய நாட்டில் நூல் விலைபோக வேண்டுமே என்று ஹெட்ஸெல் தடுத்தார். வெர்ன் பணிந்தார்; ஆயினும் முற்றப் பணிந்திலர். நேமோவை நாடற்றவராய் விட்டுவைத்து, 1875-இல் முடிவுற்ற மர்மத் தீவு என்னும் நூலில் அவரை இந்தியராக்கினார். நேமோ புந்தேல்கண்டு அரசிளங்குமரர் தக்கார் என்றும், திப்பு சுல்தானின் மருகர் என்றும், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் போர் புரிந்தவர் என்றும் அங்கே வெளிப்படுகின்றது. 1799-இல் மாண்ட திப்புவுக்கு இவ்வளவு இளைய மருகர் எவ்வாறு வாய்த்தார் என்று வினவுதல் நன்றன்று. திப்புவின் படையினர் எறிந்த இரும்புக் குழல் வாணங்களைக் கண்டே ஆங்கிலேயர் தம் வாணத்தைத் திருத்தினர் என்பதை மட்டும் ஈண்டு நினைவு கூர்வோம்.

நம் கடலும் இக்கதையில் உண்டு. நாட்டிலஸ் இலங்கையை அடுத்த மன்னார்க் குடாவை அடைந்தபோது, முத்துக் குளிக்கும் ஏழை ஒருவன்மேற் சுறா பாய்கின்றது. நேமோ குத்துவாளுடன் தாமே அதனோடு பொருது, அவனைக் காத்து, ஒரு பை முத்தை அவன் கையில் அளிக்கின்றார். மனித குலத்தையே வெறுத்தவராகக் காட்டப்பட்ட நேமோ ஒருவனுக்காக உயிரைத் துச்சமாக்கிய இடம் அதுவே. பிரெஞ்சு நாட்டிற் படகில் அமர்ந்து, காணாத மன்னார்க் கடலைப் பற்றி அவர் அங்ஙனம் எழுதியது நமக்கு உவகை தருவதன்றோ?

1871-இல் வெர்ன் மனைவியாரின் ஊராகிய அமியேன் நகரிற் குடியேறினார். விடியல் ஐந்து மணிக்கு எழுந்து நண்பகல் அணுகும்வரை எழுதுவார். நூல்கள் பெருகின; படகுகளும் பெரியவாயின. ஆயினும் 1886 அவருக்குக் கொடிய ஆண்டாயிற்று. மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள், மனநோயுற்றிருந்த தம்பி மகன் கஸ்தோன் அவரைத் துப்பாக்கியாற் சுட்டான். காலிற் பட்ட குண்டு வெளிவரவே இல்லை. எஞ்சிய நாளெல்லாம் நொண்டியே நடந்தார். அடுத்த வாரத்தில் ஹெட்ஸெல் இறந்தார். மறு ஆண்டு தாயாரும் மறைந்தார். படகையும் அவர் விற்றுவிட்டார். கலங்களின் தச்சர் கரையேறிவிட்டார்.

அவ்வாண்டில் வெளிவந்த கலம் அல்பட்ராஸ். காற்றினும் கனமான ஊர்தி பறக்கும் என்ற கொள்கையுடைய சங்கமொன்றை நாதார் 1863-இல் நிறுவியபோது வெர்னும் அதிற் சேர்ந்திருந்தார்; அக்கொள்கை இருபதாண்டுக்குப்பின் இவ்வடிவம் பெற்றது. முப்பது மீட்டர் நீளம். மேல்நோக்கிய எழுபத்துநான்கு சுழல்விசிறிகள். அழுத்திய காகிதத்தாலான உடல். முதற்கலமாகிய பலூனைத் தாக்கி வெல்வது இவ்வல்பட்ராஸே என்பது காண்க. குலத்தின் முன்னோனை வழித்தோன்றல் வீழ்த்துகின்றது. அதன் தலைவன் ரோபர் 1904-இல் வெளிவந்த உலகின் தலைவன் என்னும் நூலில் மீண்டும் தோன்றுகின்றான். அவனுடைய புதிய கலம் சாலையில் ஓடும், நீரில் மிதக்கும், நீருள் மூழ்கும், வானிற் பறக்கும். எல்லாக் கலமும் ஒன்றாயின, தலைவனோ பித்தனானான். புயலுட் கலத்தைச் செலுத்தி, மின்னல் தாக்க வீழ்கின்றான்.

பீரங்கியை வெர்ன் மறந்தாரல்லர். 1889-இல் அதே பீரங்கிக் கழகத்தார் பூமியின் அச்சையே பெயர்க்க வேண்டி ஒரு பெரும்பீரங்கி வெடிக்கின்றனர். பூமி அசையவில்லை. கணக்குப் போட்டவர் பூமியின் சுற்றளவாகிய 4,00,00,000 மீட்டரை 40,000 என்று பிழைபட எழுதி, மூன்று சுழிகளை விட்டுவிட்டார்! தம் பழைய நூலைத் தாமே நகையாடிய இந்நூலை யான் அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் கொள்வேன். பீரங்கியின் குலம் அங்கே முடிவுற்றது.

முதுமையிற் கண்ணொளி மங்கிற்று, நீரிழிவு வருத்தியது. பிரெஞ்சுப் பேரவையாகிய அகாதெமி அவரை இறுதிவரை அழைத்திலது. சிறுவர்க்கு எழுதுபவர் என்பதே பலர் மதிப்பு. ஆங்கிலேயராகிய வெல்ஸ், 1901-இல் ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு மாயப் பொருளால் தம் மாந்தரைச் சந்திரனுக்கு அனுப்பினார். அப்பொருளை எங்கே காட்டுவது என்று வெர்ன் குறை கூறினார். வெர்னின் குண்டும் ஆட்களை உயிருடன் கொண்டுசெல்லாதே என்று வெல்ஸின் அன்பர் விடை கூறலாம். யான் வெர்ன் பக்கமே நிற்பேன். மாயப் பொருளைத் திருத்த முடியாது. எண்ணோடு கூறிய பிழையைச் சிறுவனும் திருத்தலாம்.

மெய்யாகவே சிறுவன் ஒருவன் திருத்தினான். 1905-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் அமியேனில் வெர்ன் உயிர் நீத்தார். அதையடுத்த ஆண்டுகளில், திரான்சில்வேனியாவில் ஹெர்மன் ஓபெர்த் என்னும் பள்ளிச் சிறுவன் அவருடைய சந்திர நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்து, என் நண்பர் போட்ட கணக்கையே போட்டுப் பார்த்து, அப்பீரங்கி மனிதரைக் கொல்லும் என்று கண்டான். பீரங்கியைத் தள்ளினான், மூலையிற் கிடந்த வாணத்தை எடுத்துக்கொண்டான். 1923-இல் கோள்வெளிக்குச் செல்லும் வாணம் பற்றிய நூலை வெளியிட்டான். 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த சந்திரப் பயணப் படத்தின் கலத்துக்கு அவனே ஆலோசகன். 1902-இல் மெலியே எடுத்த படத்தில் இன்னும் பீரங்கிதான். இருபத்தேழாண்டில் ஏட்டுக் கலமும் திரைக் கலமும் குலம் மாறிவிட்டன. ரஷ்ய நாட்டிற் கலூகா என்னும் ஊரில், செவிப்புலன் குன்றிய பள்ளியாசிரியர் சியோல்கோவ்ஸ்கி, வெர்ன் உயிரோடிருந்தபோதே, 1903-இல், நீர்வடிவ ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரியும் வாணத்தாலே விண்ணேறலாம் என்று கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். அவரும் தம் உள்ளத்தில் அவ்விதையை ஊன்றியவர் வெர்ன் என்றே எழுதிவைத்தார். அமியேனில் இருந்த முதியவருக்கு அச்செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், ஃபிளாரிடாவிலிருந்து மூவர் அப்பல்லோ 8 என்னும் கூம்பு வடிவக் கலத்திற் புறப்பட்டனர். வெர்னின் மூவரும் டிசம்பரிலேயே, ஃபிளாரிடாவிலிருந்தே புறப்பட்டவர். அப்பல்லோ மூவரும் சந்திரனில் இறங்காது அதனைச் சுற்றிவந்தனர். 27-ஆம் நாள் பசிபிக் மாகடலில் வீழ்ந்து, அமெரிக்கக் கப்பலால் மீட்கப்பட்டனர். சந்திரனின் மறுபுறத்தே, பூமியோடு ஒரு சொல்லும் பேச இயலாத இடத்தில், அவர்களை வீட்டை நோக்கித் திருப்பியது கலத்தின் அடியில் மூட்டிய ஒரு வாணமேயாம்.